கோலுக்கு முந்தியதற்கு முந்தியது

எத்தனை கோல் என்று
மீன் வாங்க வருகிற எல்லோரும் கேட்கிறார்கள்.
ஏழு, என்கிறார் குவாமெனா,
தராசு முள் ஆடி ஓயும்வரை காத்திருந்து.
பதினான்கு வருடத்தில் ஏழா?
முகம் சுருங்கி,
மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிவிட்டுப் போகிறார்கள்.

கல்லாவில் இருப்பவள் நான்.
என்னிடம் இருக்கும் கணக்கு வேறு.

கோல் போட்டவனுக்குப் பெயர் உண்டு.
அவனுக்குப் பந்தைக் கொடுத்தவனுக்கும்
பொடி எழுத்தில் ஓர் இடம் உண்டு.
கொடுத்தவனுக்குக் கொடுத்தவனை
எந்தத் தாளும் எழுதியதில்லை.
அந்தக் காலி இடத்தில்தான்
இவர் பதினான்கு வருடம் குடியிருந்தார்.
சம்பளம் மட்டும் அந்த விலாசத்துக்கு
ஒழுங்காக வந்து சேரவில்லை.

சனிக்கிழமை பிறந்ததால் குவாமெனா.
எந்தச் சனிக்கிழமை என்பதில்தான் தகராறு.
மாமியார் சொன்னது எண்பத்தொன்று.
பாஸ்போர்ட் சொன்னது எண்பத்து நான்கு.
இடையில் இருந்த மூன்று வருடங்களை
அக்ராவில் ஓர் ஏஜென்ட்
கறிவேப்பிலை போல் எடுத்துப் போட்டுவிட்டான்.
ஐரோப்பாவில் எல்லோரும் நம்பினார்கள்,
இடது முழங்காலைத் தவிர.

பந்து வருவதற்கு முன்பே
இரண்டு தோளுக்கும் மேலாக ஒருமுறை பார்ப்பார்.
இன்றும் அப்படித்தான்,
தேவாலயத்தில், வங்கி வரிசையில்.
யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டால்
யாரையும் இல்லை, இடத்தை என்பார்.

பெல்ஜியத்தில் முதல் குளிர்காலம்.
வாயிலிருந்து புகை வருகிறது அராபா,
உள்ளே ஏதோ எரிகிறது என்று போன் செய்தார்.
அந்த அணி மேல் டிவிஷனுக்கு ஏறிய நாளின் படம்
ஒரு மதுக்கடைச் சுவரில் இருக்கிறதாம்.
நடுவில் கோல் போட்ட யோரிஸ், வாய் பிளந்து.
ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு முழங்கை.
அது இவருடையது. தழும்பை வைத்துச் சொல்கிறேன்.

பிறகு நார்வேயில் ஒரு துறைமுக ஊர்.
ஆட்டம் தொடங்கும்போதே இருட்டியிருக்கும்,
மைதானம் முழுக்க மீன் வாடை.
செகொண்டி மாதிரியே இருக்கிறது,
வெயிலை மட்டும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றார்.

துருக்கியில் ஐந்து மாதம் பாக்கி.
கிளப் தலைவருக்குப் பழத்தோட்டம் இருந்தது.
பணத்துக்குப் பதில்
காய்ந்த ஆப்ரிகாட், முந்நூறு பெட்டி.
மற்றவர்கள் கத்தினார்கள், வழக்குப் போட்டார்கள்.
இவர் பேசாமல் கப்பலில் ஏற்றினார்.
டக்கராடி மார்க்கெட் சர்க்கிளில் உட்கார்ந்து
வெள்ளைக்காரன் பேரீச்சை, வெள்ளைக்காரன் பேரீச்சை என்று
தொண்டை கட்டக் கூவினேன்.
ஹார்மட்டான் காற்று ஓய்வதற்குள்
ஒரு பழம் மிச்சமில்லை.
இந்தக் கடையின் முதல் ஃப்ரீசர் அப்படி வந்தது.

தேசிய அணிக்கு ஒரே ஒருமுறை கூப்பிட்டார்கள்.
அறுபத்தெட்டாவது நிமிடம்
மேலாடையைக் கழற்றிக் கோட்டருகே நின்றார்.
அடிபட்டுக் கிடந்தவன் எழுந்துவிட்டான்.
மறுபடி மாட்டிக்கொண்டார்.
விளையாடாத சட்டையில் என்ன அழுக்கு?
இருந்தும் வருடத்துக்கு ஒருமுறை
அவரே அலசிக் காயப்போடுகிறார்.
நான் அந்தப் பக்கம் போவதில்லை.

இன்று காலை லாரி வந்தது.
உறைந்த கானாங்கெளுத்தி, இருபது கிலோப் பெட்டிகள்.
அட்டையில் அந்த நார்வே ஊரின் பெயர்.
கட்டைவிரலால் கொஞ்ச நேரம் தடவினார்.
பிறகு அதன் மேலேயே விலையை எழுதினார்.

ஈரத்தரையில் ஒரு பெட்டி வழுக்கி
வாசலில் நின்ற பிள்ளைத்தாய்ச்சியை நோக்கிப் போனது.
இவர் முதுகு காட்டி நின்றிருந்தார்.
முழுதாகத் திரும்பக்கூட இல்லை.
இடது காலை நட்டு
வலது பாதத்தின் உட்புறத்தால் ஒரு தொடல்.
பெட்டி மனம் மாறியதுபோல் வளைந்து
ஃபீஃபியிடம் போனது.
ஃபீஃபி தூக்கித் தராசில் வைத்தான்.
நான் ரசீது கிழித்தேன்.
ரசீதில் என் கையெழுத்துதான் இருக்கிறது.

இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு
மூச்சுக்குள் ஏதோ சொன்னார்.
துருக்கி மொழி.
கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கும்.